கார்லைல் பள்ளி: 'இந்தியனை' அழிக்கப் போய் இந்தியனை உருவாக்கிய கதை

டாம் டார்லினோ என்ற நவாஹோ இளைஞரின் இரண்டு புகைப்படங்கள் இணையத்தில் பரவலாகக் கிடைக்கும். முதல் படம் 1882-ல் எடுத்தது. தோளில் புரளும் கூந்தல், காதில் வளையம், கழுத்தில் மாலை, மேலே சுற்றிய போர்வை. இரண்டாவது படம் சுமார் மூன்று வருஷம் கழித்து எடுத்தது. ஒட்ட வெட்டி வாரிய முடி, கோட்டு, டை. தோலின் நிறம்கூட வெளுத்துவிட்டது போலத் தெரியும். பேரைச் சொல்லாமல் காட்டினால் இரண்டு பேரும் ஒரே ஆள் என்று நம்புவது கஷ்டம்.

இப்படிப்பட்ட ஜோடிப் படங்களை எடுக்க வைத்தது ஒரு பள்ளிக்கூடம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1879 முதல் 1918 வரை நடந்த கார்லைல் இந்தியத் தொழிற்பள்ளி. 'பாருங்கள், எப்படி வந்தவன் எப்படி ஆகிவிட்டான்' என்று அரசியல்வாதிகளுக்கும் நன்கொடையாளர்களுக்கும் அனுப்புவதற்காகவே எடுத்த படங்கள் இவை. வளர்ப்பும் பள்ளியும் ஒரு மனிதனை எந்த அளவுக்கு மாற்ற முடியும் என்ற கேள்விக்கு உலக வரலாற்றில் நடந்த மிகக் கொடூரமான சோதனைகளில் ஒன்று இங்கே நடந்தது. அதன் முடிவு நடத்தியவர்கள் நினைத்தபடி வரவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இங்கே 'இந்தியன்' என்றால் நாம் இல்லை. நம் பாடப்புத்தகங்கள் 'செவ்விந்தியர்' என்று சொன்ன அமெரிக்கப் பூர்வகுடிகள். கொலம்பஸ் செய்த தப்பால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவர்களுக்குள் அப்படி ஒரு பொதுப்பெயரே கிடையாது. லக்கோட்டா, செயேன், கயோவா, நவாஹோ, அப்பாச்சி என்று நூற்றுக்கணக்கான சமூகங்கள். ஒரு சமூகத்தின் பேச்சு இன்னொன்றுக்குப் புரியாது. லக்கோட்டாக்களுக்கும் குரோக்களுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. லக்கோட்டா கூடாரத்தில் வளர்ந்த பையன் தன்னை லக்கோட்டா என்றுதான் நினைத்தான். 'நான் இந்தியன்' என்ற நினைப்புக்கு அங்கே வேலையே இல்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பள்ளியை ஆரம்பித்தவர் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி. 1875-ல் சமவெளிப் பகுதியில் பிடிபட்ட 72 பேரை புளோரிடாவில் ஒரு பழைய ஸ்பானியக் கல்கோட்டையில் சிறைவைத்து, அவர் பொறுப்பில் விட்டார்கள். பிராட் அவர்களின் விலங்கைக் கழற்றினார், முடியை வெட்டினார், ராணுவச் சீருடை மாட்டிவிட்டார், ஆங்கிலம் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். மூன்றே வருஷத்தில் 'மாற்றம்' தெரிந்ததாக அவர் நம்பினார். வளர்ந்தவர்களையே மாற்ற முடியும் என்றால் குழந்தைகளை எவ்வளவு சுலபமாக மாற்றலாம்! அந்தக் கணக்கில் பிறந்ததுதான் கார்லைல்.

பிராட்டை வெறும் வில்லனாக நினைத்துவிட்டால் விஷயம் கைநழுவிப் போய்விடும். அன்றைக்குப் பல வெள்ளையர்கள் 'இந்தியன் பிறவியிலேயே தாழ்ந்தவன், திருத்த முடியாது, ஒழிக்கத்தான் வேண்டும்' என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிராட் அதை மறுத்தார். பிறவி ஒன்றுமில்லை, வளர்ப்புதான் எல்லாம் என்றார். கேட்பதற்கு நல்ல கருத்துதான். ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவைப் பாருங்கள்: வளர்ப்புதான் எல்லாம் என்றால், பழைய வளர்ப்பைத் துடைத்துவிட்டுப் புதியதை எழுதிவிடலாம். ஒவ்வொருவனுக்குள்ளும் இருக்கும் இந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்ற வேண்டும் என்று 1892-ல் ஒரு கூட்டத்தில் பேசினார். மனிதனாவதற்கு முன்னால் இந்தியன் சாக வேண்டும்!

1879 இலையுதிர்காலத்தில் பிள்ளைகளைத் திரட்ட பிராட் டகோட்டா பகுதிக்குப் போனார். அங்கே ரோஸ்பட்டில் ஸ்பாட்டட் டெய்ல் என்ற லக்கோட்டாத் தலைவர் மறுத்தார். வெள்ளைக்காரன் பொய்யன், எங்கள் பிளாக் ஹில்ஸ் மலைகளைத் திருடியவன், அவனிடம் பிள்ளைகளைக் கொடுக்க மாட்டோம் என்றார். அதற்கு பிராட் சொன்ன பதில் சாமர்த்தியமானது. நீங்கள் படித்திருந்தால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், இப்படி ஏமாந்திருக்க மாட்டீர்கள் என்றார். அந்த வாதம் எடுபட்டது. ஸ்பாட்டட் டெய்ல் தன் சொந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். பிள்ளைகள் கையில் இருந்தால் பெற்றோர் அடங்கி இருப்பார்கள் என்ற கணக்கும் அரசுக்கு இருந்தது. மறு வருஷம் பார்க்க வந்த ஸ்பாட்டட் டெய்ல், பிள்ளைகள் சிப்பாய் உடுப்பில் அணிவகுத்து நிற்பதைப் பார்த்துக் கொதித்துப்போய்த் தன் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துப் போனார். எல்லாப் பெற்றோருக்கும் அது முடிகிற காரியமா?

அந்த முதல் ரயிலில் போனவர்களில் ஒரு பையனுக்கு வயது பதினொன்று இருக்கும். பெயர் ஓட்டா க்தே. 'பலரைக் கொன்றவன்' என்று பொருள். பையன் யாரையும் கொல்லவில்லை. போரில் பல எதிரிகளை வீழ்த்திய அப்பா, அந்த நினைவில் மகனுக்கு வைத்த பெயர் அது. அதாவது அவன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் வாழ்க்கையில் ஒரு பகுதியும் சேர்ந்து வந்தது. எங்கே போகிறோம் என்று அவனுக்குத் தெரியாது. வெள்ளையர் நாட்டுக்குப் போகிறோம், சாகத்தான் போகிறோம், அப்பா பெருமைப்படும்படி வீரனாகச் சாவோம் என்று நினைத்துத்தான் கிளம்பியதாகப் பிற்பாடு எழுதினான்.

பள்ளியில் கரும்பலகை நிறைய வெள்ளைக்காரப் பெயர்கள். ஒரு குச்சியைக் கையில் கொடுத்து ஒன்றைத் தொடச் சொன்னார்கள். எழுத்தே தெரியாத பையன், எதையோ தொட்டான். லூதர் ஆகிவிட்டான். அப்பாவின் பெயரின் ஆங்கில மொழிபெயர்ப்பு குடும்பப் பெயராகச் சேர, லூதர் ஸ்டாண்டிங் பேர். தொட்ட பெயரைத் துணியில் எழுதிச் சட்டை முதுகில் தைத்தார்கள். அப்புறம் முடி. லக்கோட்டா வழக்கத்தில் கூந்தலை வெட்டுவது சாவுத் துக்கத்தின் அடையாளம். பிள்ளைகள் எப்படி உணர்ந்திருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முடி போன பிறகு தான் இந்தியனும் இல்லை, வெள்ளையனின் நகல்தான் என்று தோன்றியதாக ஸ்டாண்டிங் பேர் எழுதுகிறார்.

அப்புறம் மொழி. தாய்மொழியில் பேசினால் தண்டனை. அரை நாள் பாடம், அரை நாள் வேலை. பையன்களுக்குத் தச்சு, தகரவேலை, செருப்புத் தைப்பது. பெண்களுக்குத் துவைப்பது, தைப்பது, சமைப்பது. கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு அனுப்பாமல் வெள்ளையர் பண்ணைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். வீட்டு வாசனையே படக்கூடாது என்பதுதான் திட்டம். காசநோய் மாதிரியான நோய்களில் பிள்ளைகள் செத்தார்கள். பள்ளிக்கென்றே ஒரு கல்லறை உண்டானது, அதில் 180-க்கு மேல் புதைகுழிகள்.

சரி, திட்டம் பலித்ததா?

பிளென்டி ஹார்சஸ் என்ற லக்கோட்டா இளைஞரின் கதை இதற்கு ஒரு பதில். கார்லைலில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு ரோஸ்பட்டுக்குத் திரும்பினார். அங்கே கற்ற தொழிலுக்கு ஊரில் வேலை இல்லை. வெள்ளையர்கள் அவரை வெள்ளையராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. சொந்த ஜனங்களுக்கோ அவர் பாதி அந்நியன். வேட்டை, சடங்கு, போர் எல்லாம் கற்றிருக்க வேண்டிய வயதில் அவர் வேறு எங்கோ இருந்தார். 1890 டிசம்பர் 29-ல் வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம் லக்கோட்டாக்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் சுட்டுத் தள்ளியது. ஒன்பது நாள் கழித்து, 1891 ஜனவரி 7 அன்று, எட்வர்ட் கேசி என்ற ராணுவ அதிகாரியை பிளென்டி ஹார்சஸ் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றார்.

ஏன் சுட்டார்? அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கும் காரணத்தின் சாரம் இது: ஐந்து வருஷம் கார்லைலில் இருந்ததால் என் மக்களிடையே எனக்கு இடமில்லாமல் போனது, அந்த இடத்தைப் பிடிக்கத்தான் சுட்டேன், இனி நானும் அவர்களில் ஒருவன். ஊருக்குள் ஒரு இடம் வேண்டும் என்பதற்காக ஒரு கொலை! வழக்கு விசித்திரமாக முடிந்தது. அப்போது நடந்தது போர், ஆகவே இது கொலைக்குற்றம் ஆகாது என்று சொல்லி விடுதலை செய்தார்கள். போர் இல்லை என்று சொல்லியிருந்தால் வூண்டட் நீயில் சுட்ட சிப்பாய்களையும் கொலைகாரர்கள் என்றல்லவா சொல்ல வேண்டியிருக்கும்?

பிராட்டின் கணக்கில் எங்கே ஓட்டை என்பது இங்கே தெரிகிறது. ஒருவர் யார் என்பதை அவருக்குள் ஊற்றிய பாடம் மட்டும் தீர்மானிப்பதில்லை. 'இவன் நம்ம ஆள்' என்று சொல்ல வெளியே யாராவது இருக்க வேண்டும். கார்லைல் பிள்ளைகளிடமிருந்து பழைய 'நம்ம ஆளை' வாங்கிக்கொண்டது. பதிலுக்கு வெள்ளைச் சமூகத்தின் வாசல் திறக்கும் என்றது. வாசல் திறக்கவில்லை. படித்து, கோட்டு போட்டு, சுத்தமான ஆங்கிலம் பேசினாலும் தெருவில் அவர் இந்தியன்தான். 1924 வரை பூர்வகுடிகள் எல்லோருக்குமான குடியுரிமைச் சட்டம்கூட வரவில்லை.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. முன்னே நினைவில் வைக்கச் சொன்னதை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சமூகங்களின் பிள்ளைகள் ஒரே விடுதியில் தூங்கினார்கள், ஒரே வரிசையில் நின்று சாப்பிட்டார்கள். தாய்மொழிக்குத் தடை, ஆகவே எல்லோருக்கும் பொது மொழி ஆங்கிலம். தாத்தா காலத்துப் பகையாளியின் பேரன் பக்கத்துக் கட்டிலில். இரண்டு பேருக்கும் அதே தண்டனை, அதே ஏக்கம். 'நீயும் நானும் ஒன்று' என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது. லக்கோட்டாவாகவும் குரோவாகவும் உள்ளே போனவர்கள், 'இந்தியர்' என்ற புது உணர்வோடு வெளியே வந்தார்கள்.

1911-ல் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 'அமெரிக்க இந்தியர் சங்கம்' கூடியது. பல சமூகங்களைச் சேர்ந்த பூர்வகுடிகள் தாங்களே சேர்ந்து நடத்திய அமைப்பு. முன்னின்றவர்களில் பலர் இப்படிப்பட்ட பள்ளிகளில் படித்தவர்கள், பேசியது பள்ளி திணித்த ஆங்கிலத்தில், கேட்டது குடியுரிமையும் நியாயமும். அந்தச் சங்கத்தில் பின்னால் செயலாளராக இருந்தவர் ஜிட்கலா-ஷா. எட்டு வயதில் இந்தியானா மாநிலத்தில் ஒரு மிஷன் பள்ளிக்குப் போனவர். அங்கே இவருக்கும் முடி வெட்டப்பட்டது. வளர்ந்த பிறகு கார்லைலிலேயே ஆசிரியையாக வேலை பார்த்தார். 1900-ல் அட்லாண்டிக் மாத இதழில் அந்தப் பள்ளிகளைப் பற்றி எழுதியதில் பிராட்டுக்குக் கடும் கோபம். அவருக்கு இருந்த பெயர் ஜெர்ட்ரூட் சிம்மன்ஸ். ஜிட்கலா-ஷா என்பது அவரே தனக்கு வைத்துக்கொண்ட லக்கோட்டாப் பெயர். சிவப்புப் பறவை என்று அர்த்தம். பள்ளி கொடுத்த மொழியில் எழுதினார், தானே தேர்ந்த பெயரில் கையெழுத்துப் போட்டார்.

ஸ்டாண்டிங் பேரும் அப்படித்தான். ஆசிரியராக, பிலடெல்பியா கடையில் ஊழியராக, பஃபலோ பில் கம்பெனிக் காட்சிகளில், ஹாலிவுட் படங்களில் என்று சுற்றிவிட்டு, அறுபது வயதை ஒட்டிப் புத்தகம் எழுத உட்கார்ந்தார். பாட்டியிடம் கேட்ட கதைகள், அடிக்காமல் பிள்ளை வளர்த்த விதம், பேசுவதற்கு முன் மௌனமாக இருக்கக் கற்றது என்று லக்கோட்டா வளர்ப்பைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். துடைக்கப்பட வேண்டிய நினைவை, துடைக்கக் கொடுத்த கருவியாலேயே பதிவு செய்துவிட்டார்.

இந்த முரணை அரசாங்கமும் அனுபவித்தது. 1942-ல் ஜப்பானியர் உடைக்க முடியாத ரகசியக் குறியீடு தேவைப்பட்டபோது அமெரிக்க ராணுவம் 29 நவாஹோக்களைத் தேடிப் பிடித்தது. நவாஹோ மொழியில் பேசினதற்காகப் பள்ளியில் அடிவாங்கிய தலைமுறை அது. அதே மொழி இப்போது நாட்டைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இதையெல்லாம் வைத்து, 'பார்த்தீர்களா, பள்ளியால் கடைசியில் நன்மைதான்' என்று சொல்லக் கிளம்பினால் அது அநியாயம். ஜிட்கலா-ஷா மாதிரி எழுந்தவர்களை நமக்குத் தெரிகிறது, அவர்கள் எழுதினார்கள் என்பதால். எழுதாமல் உடைந்துபோனவர்கள் எத்தனையோ பேர். தம் பிள்ளைகளிடம் தாய்மொழியில் பேசவே பயந்த பெற்றோர் உண்டு. அடுத்த தலைமுறையில் அந்த மொழி வீட்டைவிட்டே போய்விட்டது. இப்படிப்பட்ட பள்ளிகளில் குறைந்தது 973 குழந்தைகள் இறந்ததாக அமெரிக்க உள்துறை 2024-ல் அறிக்கை வெளியிட்டது. அதே வருஷம் அக்டோபரில் அதிபர் பைடன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

வளர்ப்பு மனிதனைச் செய்கிறது என்று பிராட் சொன்னது பொய்யில்லை. ஆனால் பிள்ளை கரும்பலகை இல்லை. முதலில் எழுதினதைத் துடைத்தாலும் தடம் இருக்கும்; மேலே எழுதினதை அந்தப் பிள்ளை தன் இஷ்டத்துக்கு வாசிக்கும். யார் எழுதினாலும், அதை வைத்து என்ன செய்வது என்ற கடைசி வேலை அந்தப் பிள்ளையிடம்தான் மிஞ்சுகிறது. அந்த வேலையைச் செய்ய அவர்களில் பலருக்கு ஆயுள் கிடைக்கவில்லை என்பதுதான் கார்லைலின் பாவம். 2021-ல் கார்லைல் கல்லறையிலிருந்து ஒன்பது பிள்ளைகளின் எலும்புகளைத் தோண்டி எடுத்து ரோஸ்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிறந்த ஊரில், சொந்த முறைப்படி அடக்கம் நடந்தது. ஊர் திரும்ப அவர்களுக்கு நூறு வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது.