டயல் நூலும் வாப்பாவின் சீ.ஆர். கொப்பியும்



போன கிழமை பக்கத்து வீட்டு மாமா ஒரு பழைய பிலிப்ஸ் வால்வு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "உங்க வாப்பா திருத்தித் தந்தது மகன். பாட்டு வருது, முள்ளு ஓடுதில்ல. பாருங்க" என்றார். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், ரேடியோ திருத்துகிறவன் இல்லை. வாப்பா மௌத்தாகி இரண்டு வருடமாகியும் ஊரில் பலருக்கு இந்த வித்தியாசம் விளங்குவதில்லை.

பின்பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். டயல் நூல் அறுந்திருந்தது. குமிழைத் திருப்பும்போது முள்ளை இழுத்துக்கொண்டு போகிற நூல் அது. அது எந்தக் கப்பியில் எத்தனை சுற்று, எந்தப் பக்கமாக, ஸ்பிரிங் எங்கே மாட்டுவது என்பதெல்லாம் ஒவ்வொரு மொடலுக்கும் வேறு. அறுந்த பிறகு பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஒரு சுற்று மாறினால் முள்ளு எதிர்ப்பக்கமாக ஓடும். சேவிஸ் மேனுவலில் அதற்கென்று ஒரு சின்னப் படம் இருக்கும். அந்தப் படத்தைத் தேடப் போய்த்தான் இந்தக் கதை எனக்குத் தெரியவந்தது.

ரேடியோ திருத்துவது ஒரு தொழிலான ஆரம்ப காலத்தில், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது செய்த கொம்பனிக்குத்தான் தெரியும். நியூயோர்க்கில் ஜோன் ரைடர் என்பவர் பல கொம்பனிகளின் சேர்க்கிட் படங்களையும் திருத்தும் குறிப்புகளையும் ஒன்றுசேர்த்து 1931 இல் முதல் தொகுதியைப் போட்டார். பிறகு வந்தவற்றோடு மொத்தம் 23 தொகுதிகள். சந்தியில் கடை வைத்திருந்த சாதாரண திருத்துநருக்கும் எல்லாக் கொம்பனிகளின் படமும் ஒரே அலுமாரியில் கிடைத்தது.

1946 இல் இண்டியானாபொலிஸில் ஹோவர்ட் சாம்ஸ் வேறு வழியில் போனார். கொம்பனியின் படத்தை நம்பியிருக்காமல், பெட்டியையே எடுத்துப் பிரித்து, ஒவ்வொரு இடமாக அளந்து, புகைப்படம் பிடித்து, எல்லா மேக்குக்கும் ஒரே மாதிரியான முறையில் படத்தைத் தானே புதிதாக வரைந்து வெளியிட்டார். பெயர் போட்டோஃபெக்ட். இரண்டு பேரில் எனக்கு சாம்ஸைத்தான் கூடப் பிடிக்கிறது. தருவாயா என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் கையை வைத்து வேலை செய்தவர்.

எங்கள் நாட்டுக்கு அமெரிக்கப் புத்தகங்களால் பெரிய உதவி இருந்திருக்காது. கொழும்பில் 1925 இல் ஒலிபரப்பு தொடங்கியபோது இது பிரித்தானியக் காலனி. இங்கே புழங்கிய பெட்டிகள் மர்பி, பை, புஷ், பிலிப்ஸ். பிரித்தானியாவில் வியாபாரிகளுக்கான ஒரு பத்திரிகை மொடல் மொடலாக சேவிஸ் தாள்கள் வெளியிட்டது. பிலிப்ஸ் தன் தாள்களின் தலைப்பிலேயே இரகசியம், பிலிப்ஸ் சேவிஸ் வியாபாரிகளுக்கு மட்டும் என்று அச்சடித்தது. ஏஜென்ட் அல்லாதவன் அதை வைத்திருக்கவே கூடாது என்பதுதான் அதன் பொருள்.

யாழ்ப்பாணம் ஐந்து சந்திக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வாப்பா ஏஜென்ட் அல்ல. சின்னக் கடை. நோன்புக்கு முந்திய மாதம்தான் அங்கே கூட்டம், இஃப்தாருக்கு ரேடியோவில் பாங்கு கேட்க வேண்டுமே. ஏஜென்ட் கடையில் வேலை செய்த ஒரு கூட்டாளி பின்னேரம் தாளைக் கொண்டுவந்து கொடுப்பார், விடிய முதல் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாப்பா இரவிரவாகப் பார்த்து வரைவார். 1977க்குப் பிறகு ஜப்பான் செட்டுகள் வந்து குவிந்தன, சவூதி, குவைத் போனவர்களும் கொண்டுவந்தார்கள். சில செட்டுகளோடு சேர்க்கிட் படமும் மடித்து வந்தது. அதையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தகரப் பெட்டி கடையிலேயே நின்றுவிட்டது. உடுப்புப் பைக்குள் இருந்த ஒரு சீ.ஆர். கொப்பி மட்டும் வந்து சேர்ந்தது. சோதித்தவர்கள் அதைப் பிள்ளைகளின் கொப்பி என்று நினைத்து விட்டார்களாம். புத்தளத்தில் வாப்பா திரும்பத் தொழில் தொடங்கியது அந்தக் கொப்பியை வைத்துத்தான்.

அந்தக் கொப்பியை எடுத்துப் புரட்டினேன். மாமாவின் மொடல் இருந்தது, வோல்ட் அட்டவணையும் இருந்தது. டயல் நூல் படம் இருந்த மூலையைத்தான் பூச்சி தின்றிருந்தது. வேறு வழியில்லாமல் இணையத்தில் தேடினேன். நெதர்லாந்தில் பழைய ரேடியோ ஆர்வலர்கள் பிலிப்ஸ் தாள்களை ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கிறார்கள். இரகசியம் என்று தலைப்பில் அச்சடித்த அதே தாள், காசில்லாமல் இறங்கியது. நூல் படம் பளிச்சென்று இருந்தது.

ஒரு வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வால்வுக் காலில் 60 வோல்ட் என்று வாப்பா எழுதியிருந்தார். என் டிஜிட்டல் மீற்றர் 80க்கு மேல் காட்டியது. வாப்பாதான் பிழையாக எழுதிவிட்டார் என்று நினைத்தேன். பிறகுதான் கொப்பியின் அட்டையைப் பார்த்தேன். எந்த மீற்றரில் அளந்தது என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார். பழைய முள்ளு மீற்றர் அளக்கும்போது தானும் கொஞ்சம் மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும், பெரிய தடை இருக்கிற இடங்களில் அதனால் வாசிப்பு இறங்கிவிடும். டிஜிட்டல் மீற்றர் இழுப்பது மிகக் குறைவு. கம்பனி மேனுவல்களிலும் மீற்றரின் வகையை இதற்காகத்தான் குறிப்பார்கள். ஓ.எல். பிள்ளைகளுக்கு ஓமின் விதி படிப்பிக்கிற நான் இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

(இதை வாசித்துவிட்டு யாரும் வால்வு ரேடியோவைத் திறக்க வேண்டாம். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைக் கழற்றினாலும் கொண்டென்சரில் கொஞ்ச நேரம் நிற்கும்.)

இனி என் கோரிக்கை. எங்கள் ஊரில் வாப்பா காலத்து ரேடியோ, கசட் செட் திருத்துநர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். சிலரின் தாள்கள் மௌத்துக்குப் பிறகு கடலை சுற்றப் போய்விட்டன, நானே கண்டேன். கையால் வரைந்ததோ அச்சடித்ததோ, யாரிடமாவது இருந்தால் எறிய வேண்டாம். அஸருக்குப் பிறகு நான் வீட்டில்தான், வந்து ஸ்கேன் பண்ணித் தாளைத் திருப்பித் தந்துவிடுவேன். தூரத்தில் இருப்பவர்கள் போனில் எடுத்து அனுப்புங்கள். தாளை விரித்து, பகல் வெளிச்சத்தில், மூலைகள் வெட்டுப்படாமல் எடுங்கள். ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்தால் அதுவும் தெரிய வேண்டும். அது எந்தக் கொம்பனித் தாளிலும் கிடைக்காது.

மாமாவின் ரேடியோவுக்கு நூல் போட்டாகிவிட்டது, முள்ளு ஓடுகிறது. டயல் பல்ப்தான் எரிந்துபோயிருக்கிறது. 6.3 வோல்ட் பல்ப் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.