இஸ்திரிப் பெட்டியின் அடியில் படிந்த வரலாறு

தாம்பரத்தில் எங்கள் தெருமுனைப் புங்கமரத்தடியில் ஒரு தேய்ப்பு வண்டி நிற்கிறது. வண்டிக்காரர் கரிப்பெட்டியை எடுத்தவுடன் சட்டையின்மேல் வைப்பதில்லை. முதலில் ஈரத்துணியில் ஓர் இழுப்பு. அடுத்து வாழை இலைத் துண்டின்மேல் ஓர் இழுப்பு. அதன் பிறகே சட்டை. காரணம் கேட்டேன். "வெள்ளைச் சட்டையில ஒரு கறை பட்டுதுன்னா, இன்னிக்குத் தேய்ச்ச காசெல்லாம் அதுக்கே போயிடும் சார்" என்றார்.

அவர் அஞ்சும் கறை எங்கிருந்து வருகிறது? பெட்டியின் அடித்தகட்டிலிருந்துதான். அந்த அடித்தகட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. தகடு மாறியபோதெல்லாம், துணி மாறியபோதெல்லாம், அதில் ஒட்டும் கறையும் மாறியது. பழைய கறைக்குக் கண்ட வைத்தியம் புதிய தகட்டுக்குப் பகையாயிற்று.

அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நுண்கலைக் காட்சியகத்தில் 12ஆம் நூற்றாண்டுச் சீன ஓவியம் ஒன்று இருக்கிறது. அரண்மனைப் பெண்கள் பட்டுத்துணியை இழுத்துப் பிடித்திருக்க, ஒருத்தி கனல் நிரப்பிய வாணலி போன்ற பாத்திரத்தை அதன்மேல் ஓட்டுகிறாள். ஐரோப்பிய வீடுகளில் வேறு வழக்கமும் இருந்தது. கெட்டியான இரும்புக் கட்டியை அடுப்பின்மேல் வைத்துச் சுடவைத்தார்கள். தேய்க்கும் முகமே அடுப்பில் கிடந்ததால் புகைக்கரியும் துருவும் அதில் ஏறின. தேன்மெழுகு தேய்த்துத் துடைப்பது அவர்களுடைய அன்றாட வேலையாயிற்று. நம் கரிப்பெட்டி இந்தத் தொல்லையைத் தவிர்த்தது. நெருப்பு உள்ளே, தகடு வெளியே! 'இஸ்திரி' என்ற சொல், இழுத்து நீட்டுதலைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லின் வழிவந்தது என்பர்.

கரிப்பெட்டிக்கு உரிய கறை கஞ்சிக்கறை. இதன் வேதியியல் சுவையானது. கஞ்சியிலுள்ள மாவுச்சத்து சூட்டில் முதலில் டெக்ஸ்டிரின் என்னும் பசையாக மாறுகிறது. தபால்தலையின் பின்புறம் தடவப்படும் பசை இதே இனம்தான். தண்ணீரில் கரையும். அதே பசை தகட்டிலேயே கிடந்து மேலும் சூடேறினால் கருகிக் கரியாகிவிடும். கரி எந்தத் தண்ணீருக்கும் அசையாது. ஆகவே ஒவ்வொரு சட்டைக்கும் முன்னால் வண்டிக்காரர் ஈரத்துணியில் இழுப்பது வெறும் பழக்கமன்று. பசை கரியாவதற்குள் அதைக் கழுவிவிடுகிறார். வாழை இலையின் மேற்பரப்பில் இயற்கையாகவே மெழுகுப் படலம் உண்டு. அது உருகித் தகட்டுக்கு வழுவழுப்பைத் தருகிறது. பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் இதே வாழை இலை உத்தி வழங்கி வந்திருக்கிறது. கடல் கடந்த இரு நாட்டாரும் ஒரே இலையைக் கண்டுபிடித்ததை எண்ணி நான் வியப்பதுண்டு.

சூட்டை அளக்கவும் அவருக்குக் கருவி இல்லை. விரல் நுனியால் நீரைத் தெளிக்கிறார். 'சுர்' என்று ஆவியானால் சரி. முத்தாக உருண்டு ஓடினால் சூடு மிகுதி. துளிக்கும் தகட்டுக்கும் இடையே நீராவிப் படலம் தோன்றிக் காப்பதே காரணம். 1756இல் இதனை விளக்கி எழுதிய ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃபிராஸ்டின் பெயர் இந்நிகழ்ச்சிக்கு நிலைத்துவிட்டது. சுமார் 200 பாகை செல்சியஸில் தொடங்கும் இந்த உருளல், பருத்திக்கு ஏற்ற சூட்டின் மேல் எல்லையையும் ஏறக்குறையக் காட்டிவிடுகிறது.

மின்சாரப் பெட்டிக்கு நியூயார்க்கைச் சேர்ந்த ஹென்றி சீலி 1882இல் காப்புரிமை பெற்றார். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. ஆனால் அந்தத் தண்டவாளத்துக்கு இருபுறமும் உள்ள தெருக்களில் தேய்ப்பு வண்டிகள் கரியை விடவில்லை. பல வண்டிகளில் இன்றும் கரிதான்.

வீடுகளில் நிலை வேறு. மின்பெட்டியோடு அலுமினியத் தகடும் குரோமியப் பூச்சும் வந்தன. இரண்டுக்கும் நம் ஊரோடு உறவு உண்டு. சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1898இல் அங்கே அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். பின்னர் குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறையையும் சோதித்தார். அம்முறையில் இயங்கிய தோல் ஆலையால்தான் குரோம்பேட்டைக்கு அப்பெயரே வந்தது.

தகடு மாறியதும் பழைய வைத்தியம் பொய்த்தது. பித்தளையில் படியும் ஆக்சைடைப் புளியின் டார்டாரிக் அமிலம் கரைத்துவிடும்; கடைசியில் சாம்பல் போட்டுத் துலக்கினால் பளபளக்கும். அதே சாம்பலையோ சலவைச் சோடாவையோ அலுமினியத்தில் போட்டால், அவற்றிலுள்ள காரம் உலோகத்தை அரித்துக் கறுக்கச் செய்கிறது.

பிறகு துணியும் மாறியது. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியெஸ்டர் இழையைக் கண்டார்கள். அது டெரிலினாகவும் டெரிகாட்டனாகவும் நம் அலமாரிக்குள் புகுந்தது. பருத்தி உருகாது, கருகும். பாலியெஸ்டரோ 260 பாகையை ஒட்டி உருகும். அதற்கு முன்பே இளகி ஒட்டும். கறை இப்போது கஞ்சியன்று, சட்டையே! இதற்கு நீர் பயன்படாது. வெப்பத்தால் வந்ததை வெப்பத்தால்தான் விடுவிக்கவேண்டும். பெட்டியைச் சற்றுச் சூடாக்கி, ஒட்டியது இளகியதும் மரக்குச்சியால் மெல்லத் தள்ளி, தடித்த பருத்தித் துணியின்மேல் ஓட்ட வேண்டும். கத்தி கூடாது.

ஒட்டாத தகடு வந்தால் கவலை தீருமல்லவா? 1938இல் அமெரிக்க வேதியியலார் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட டெஃப்ளான், பிற்காலத்தில் இஸ்திரிப் பெட்டிக்கும் பூச்சாயிற்று. நான் முதல் சம்பளத்தில் அப்படி ஒரு பெட்டி வாங்கினேன். ஒருநாள் நைலான் ஒட்டிக்கொண்டது. அப்பா கரிப்பெட்டியைத் துலக்கிய நினைவில் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். கறை போயிற்று, பூச்சும் போயிற்று. பிறகு அந்தப் பெட்டியில் ஒட்டாத துணியே இல்லை. இயற்பியல் பாடம் எடுப்பவன் செய்யத்தக்க காரியமன்று!

ஏனெனில் விடை கடினத்தன்மையில் இருக்கிறது. மோஸ் 1812இல் வகுத்த அளவுகோலில் மணலின் கடினம் 7, சாப்பாட்டு உப்பின் கடினம் ஏறத்தாழ 2.5. காகிதத்தில் தூள் உப்பைப் பரப்பிச் சூடான பெட்டியை ஓட்டினால், கருகிய கஞ்சியை உப்பு சுரண்டும். இரும்பையும் குரோமியத்தையும் கீறாது. 801 பாகையில்தான் உருகும் என்பதால் பெட்டியில் ஒட்டவும் ஒட்டாது. டெஃப்ளானுக்கோ உப்பும் ஆகாது. இளஞ்சூட்டில் ஈரத்துணியும் சிறிது சோப்புமே அதற்குப் போதும்.

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் வடிவமைத்த சூரியசக்தித் தேய்ப்பு வண்டி 2021இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுவரை சென்றது. அதில் கரியும் இல்லை, சாம்பலும் இல்லை; நீராவிப் பெட்டி. எங்கள் வண்டிக்காரரிடம் படத்தைக் காட்டினேன். "இதுக்கு எந்தத் தண்ணி ஊத்துவாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர். கொதித்தால் சுண்ணாம்புப் படிவு துளைகளை அடைத்து, வெள்ளைப் பொடியாகச் சட்டையில் இறங்கும். வினிகரோ எலுமிச்சைச் சாறோ அதைக் கரைக்கும். காய்ச்சி வடித்த நீர் ஊற்றினால் அந்த வேலையும் மிச்சம் என்றேன். "காசு கொடுத்துத் தண்ணியா?" என்று சிரித்துவிட்டு, பெட்டியை வாழை இலையில் இழுத்தார்.