தண்ணீர் வந்தது, பாராட்டு வரவில்லை

பெண் ஊராட்சித் தலைவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு வாக்கியம் வந்து விழும்: “பேருக்குத்தான் அந்தம்மா, நடத்துறதெல்லாம் புருஷன்தான்.” வடமாநிலங்களில் இதற்கென்றே ‘சர்பஞ்ச் பதி’ என்றொரு சொல் புழங்குகிறது. இது முழுப் பொய்யல்ல. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தால் முப்பது ஆண்டு வரலாற்றையும் மூடிவிட முடியாது. மேற்கு வங்கக் கிராமங்களில் நடந்த ஆய்வுகள் அதைத்தான் காட்டுகின்றன.

இந்த இடஒதுக்கீடு எளிதாக வந்துவிடவில்லை. 1971இல் இந்தியப் பெண்களின் நிலையை ஆராய மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. பூல்ரேணு குஹா அதன் தலைவர். வீணா மஜும்தார் உறுப்பினர் செயலர். 1974 டிசம்பரில் வெளிவந்த ‘சமத்துவத்தை நோக்கி’ அறிக்கை, சுதந்திர இந்தியாவில் பெண்கள் பல துறைகளில் பின்தங்கிப் போனதை அம்பலப்படுத்தியது. ஆயினும் சட்டமன்றங்களில் பெண்களுக்கு இடஒதுக்கீடு கேட்கக் குழுவின் பெரும்பான்மை முன்வரவில்லை. லோதிகா சர்க்காரும் வீணா மஜும்தாரும் மாறுபட்டு, இடஒதுக்கீட்டை ஆதரித்துத் தனிக்குறிப்பு எழுதினார்கள். அரசியலமைப்பே சமத்துவம் தந்திருக்கத் தனிச்சலுகை எதற்கு என்று நம்பிய தலைமுறையைச் சேர்ந்தவர்தான் மஜும்தார். குழு திரட்டிய சான்றுகளே அவரை மாற்றின.

1983இல் கர்நாடகம் உள்ளாட்சிகளில் 25 சதவீத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், உறுப்பினர் இடங்களிலும் தலைவர் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்கை நாடெங்கும் உறுதி செய்தது.

மேற்கு வங்கத்தில் 1993 தேர்தலில் உறுப்பினர் இடங்கள் மட்டுமே ஒதுக்கப்பட்டன. அங்கே ஊராட்சித் தலைவரைப் பிரதான் என்பார்கள். அந்தப் பதவிக்கு வந்த பெண்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். உறுப்பினராக உள்ளே விட்டால் தலைமை தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை பலிக்கவில்லை. 1998இல் பிரதான் பதவியும் ஒதுக்கப்பட்டது.

எந்த ஊராட்சி பெண்களுக்கு என்பதை ஊராட்சிகளின் வரிசை எண்ணைக் கொண்டு முடிவு செய்தார்கள். ஆய்வுக்கு இது மிகவும் உதவியது. ஏற்கெனவே முற்போக்கான ஊர்கள்தான் பெண்ணைத் தேர்ந்தெடுக்கின்றன என்றால், அங்கு நடக்கும் நல்லது பெண்ணால் வந்ததா ஊரால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இங்கே அந்தக் குழப்பம் இல்லை.

ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் பீர்பூம் மாவட்டத்தின் 161 ஊராட்சிகளை ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒதுக்கீட்டில் வந்த பெண்களுக்குப் படிப்பும் குறைவு, அரசியல் அனுபவமும் குறைவு. கணவரின் உதவியைப் பெற்றவர்களும் அவர்களில் உண்டு. ஆயினும் பெண்கள் தலைமையில் குடிநீருக்குக் கூடுதல் பணம் போனது. குடிநீர், அந்த மாவட்டப் பெண்கள் அதிகம் முறையிட்ட தேவைகளில் ஒன்று. ராஜஸ்தானின் உதய்ப்பூரிலும் குடிநீர்ப் பணிகள் கூடின. எல்லாம் புருஷன் ராஜ்யம்தான் என்றால் செலவுக் கணக்கு மாறியிருக்கக் கூடாது. மாறியது.

டுஃப்லோவும் பெட்டியா டோபலோவாவும் பல மாநிலங்களில் நடத்திய இன்னொரு ஆய்வு நம்மைச் சுடுகிறது. பெண்கள் தலைமை வகித்த ஊர்களில் குடிநீர் வசதி அதிகம். மக்கள் கொடுத்த லஞ்சமும் குறைவு. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் திருப்தியும் குறைவு. ஊராட்சியின் கையில் இல்லாத சேவைகளிலும் அவர்களுக்கு அதிருப்தி இருந்தது. வேலை நடந்திருக்கிறது, செய்தவர் பெண் என்பதால் அது கணக்கில் ஏறவில்லை. வீட்டு வேலைக்கு நேர்வதுதான் இங்கும் நேர்ந்திருக்கிறது.

இந்தப் பார்வை மாறாததா? 2009இல் வந்த ஆய்வில், ஒரே உரையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து கிராமத்தாருக்குப் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைமையை அறியாத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பே தந்தார்கள். பெண் தலைமையைக் கண்ட ஊர்களில் அந்த ஓரவஞ்சனை பெரும்பாலும் மறைந்திருந்தது. ஆனால் வாக்குச்சீட்டு அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. இரண்டு தேர்தல்களில் தொடர்ந்து பெண் தலைமைக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில்தான், அடுத்து வந்த பொது இடங்களில் பெண்கள் கூடுதலாகப் போட்டியிட்டு வென்றார்கள்.

2012இல் வெளியான ஆய்வு பீர்பூமின் 495 கிராமங்களைப் பார்த்தது. இருமுறை ஒதுக்கப்பட்ட ஊர்களில், மகனுக்கும் மகளுக்கும் பெற்றோர் வைத்திருந்த கனவுகளின் இடைவெளி 25 சதவீதம் குறைந்திருந்தது. படிப்பில் ஆண் பெண் பிள்ளைகளுக்கு இடையிலான வேறுபாடு மறைந்திருந்தது. சிறுமிகள் வீட்டு வேலைக்குச் செலவிடும் நேரமும் குறைந்திருந்தது.

ஆக, எத்தனை இடங்கள் என்பதோடு எத்தனை காலம் என்பதும் முக்கியம். முதல் ஐந்தாண்டில் பெண் வேலை செய்கிறார், பழிதான் கிடைக்கிறது. ஊரின் கண் பழக இரண்டாம் முறை தேவைப்படுகிறது. பல மாநிலங்களிலோ ஒவ்வொரு தேர்தலுக்கும் இடத்தைச் சுழற்றிப் பறித்துவிடுகிறார்கள். தமிழ்நாடு 2016இல் உள்ளாட்சியில் பெண்களின் பங்கை 50 சதவீதமாக்கியது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு தரும் 2023ஆம் ஆண்டுத் திருத்தமோ பதினைந்து ஆண்டு வரம்போடு வந்திருக்கிறது. அதன் பலனை எடைபோடும் நாளில் ஊர்ப்பேச்சை மட்டும் கேட்டு முடிவு சொல்வார்கள். அப்போது நாம் குழாய்களையும் செலவுக் கணக்கையும் எடுத்து வைக்க வேண்டும்.