ஈலியத்திலிருந்து காபன் வரை: ஓர் அறிவியல் வரலாற்று நோக்கு

வரலாறு என்றதும் அரசர்களின் ஆட்சியும் போர்களும் உடன்படிக்கைகளுமே நினைவுக்கு வருவது வழக்கம். ஆயினும், ஒரு கருத்து எவ்வாறு பிறந்தது, யாரால் மறுக்கப்பட்டது, எதனால் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதும் வரலாறேயாகும். மனித உடலிலும் மரத்திலும் கரியிலும் அடங்கியுள்ள காபன் எங்கே உருவாயிற்று என்ற வினாவுக்கு, விண்மீன்களின் உள்ளே ஈலியம் எரியும் உலையில் என்பதே விடை. இவ்விடையை மனிதன் கண்டடைந்த பாதையிற் சான்றும் அதிகாரமும் பலமுறை மோதியுள்ளன. அம்மோதல்களின் முடிவுகள் ஒரே தன்மையனவாக அமையவில்லை என்பதே இங்கு ஆராயத்தக்கது.

ஈலியம் முதலில் அறியப்பட்டதே வானத்தில்தான். 1868 ஆகஸ்ட் 18இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பிரான்சிய வானியலாளர் ஜான்சன் ஆந்திர நாட்டின் குண்டூரிலிருந்து நோக்கி, சூரியச் சுவாலைகளின் ஒளிர்கோடுகளைக் கண்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் லொக்கியர் சூரிய ஒளியை ஆராய்ந்தபோது, அங்கிருந்த மஞ்சள் நிறக் கோடொன்று அறியப்பட்ட எம்மூலகத்துக்கும் உரியதன்று என உணர்ந்தார். சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அம்மூலகம் பெயர் பெற்றது. 1895இல் ராம்சே அதனைப் பூமியிலும் கண்டுபிடித்தார். நான்கு ஐதரசன் அணுக்களின் திணிவிலும் ஓர் ஈலிய அணுவின் திணிவு சற்றுக் குறைவானது என்பது பின்னர் அளந்தறியப்பட்டது. அக்குறைவே சக்தியாக மாறி விண்மீன்களை ஒளிரச் செய்கின்றது எனும் கருத்தை 1920இல் எடிங்டன் முன்வைத்தார்.

ஆனால் விண்மீன்களில் அத்துணை ஐதரசன் உண்டா? பூமியின் ஆக்கமே சூரியனின் ஆக்கமும் என்பதே அக்காலத்து அறிஞரின் நம்பிக்கை. கேம்பிரிட்ஜிற் பயின்றும், பெண் என்ற காரணத்தால் அங்குப் பட்டம் பெற இயலாத சிசிலியா பெய்ன் 1923இல் அமெரிக்காவின் ஹாவட் வானாய்வு நிலையத்தை அடைந்தார். இந்திய அறிஞர் மேகநாத சாகா வகுத்த அயனாக்கச் சமன்பாட்டைத் துணைக்கொண்டு, வெப்பநிலைக்கேற்ப நிறமாலைக் கோடுகள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை அவர் கணித்தார். விண்மீன்களில் ஐதரசனும் ஈலியமும் ஏனைய மூலகங்களைவிட மிகப் பெருமளவில் உள்ளன என்பது அவர் கண்ட முடிவு. பெரும் வானியலாளரான ஹென்றி நோரிஸ் ரசல் இதனை ஏற்க மறுத்தார். ஆகவே 1925ஆம் ஆண்டு ஆய்வேட்டில் இருபத்தைந்து வயதான பெய்ன், தம் முடிவு பெரும்பாலும் உண்மையாகாது எனத் தாமே எழுதவேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகளின் பின் ரசல் வேறு வழியில் அதே முடிவை அடைந்தார். பெய்னின் ஆய்வை அவர் குறிப்பிட்டபோதிலும், கண்டுபிடிப்பின் பெருமை நெடுங்காலம் ரசலையே சார்ந்திருந்தது.

1939இல் ஹான்ஸ் பெத்தே, ஐதரசன் ஈலியமாகும் படிமுறைகளை வகுத்தார். ஆயினும் ஈலியத்துக்கு அப்பால் வழி அடைபட்டிருந்தது. திணிவெண் ஐந்தும் எட்டும் உடைய நிலையான கருக்கள் இயற்கையில் இல்லை. இரண்டு ஈலியக் கருக்கள் இணைந்து தோன்றும் பெரிலியம் கண்ணிமைக்கும் நேரத்தினும் எத்தனையோ கோடி மடங்கு குறுகிய பொழுதில் சிதைந்துவிடும். பத்துக் கோடி பாகை அளவான வெப்பநிலையில், அது சிதையுமுன்னரே மூன்றாவது ஈலியக் கரு வந்து மோதிக் காபன் உருவாகலாம் என 1951இல் ஏர்ன்ஸ்ட் ஏப்பிக்கும் 1952இல் எட்வின் சல்பீட்டரும் தனித்தனியே காட்டினர்.

இவ்வழியால் உருவாகும் காபன் போதாது என்பதை இங்கிலாந்தின் பிரெட் ஹொயில் கண்டார். உருவாகும் சிறிதளவும் மற்றோர் ஈலியக் கருவோடு சேர்ந்து ஒட்சிசனாகிவிடும். எனினும் உலகிற் காபன் நிறைந்திருக்கின்றது. ஆதலின் காபன் கருவுக்கு ஏறத்தாழ 7.7 மில்லியன் இலத்திரன் வோல்ற்றுச் சக்தியில் ஒரு சிறப்பு நிலை இருந்தே தீரவேண்டும் என அவர் வாதிட்டார். 1953இல் கலிபோர்ணியத் தொழினுட்ப நிறுவனத்துக்குச் சென்று, வில்லியம் ஃபௌலரின் ஆய்வுகூடத்தில் இதனைச் சோதிக்குமாறு கேட்டார். ஃபௌலர் முதலில் நம்பவில்லை. ஆயினும் வார்ட் வேலிங்கும் அவர்தம் துணைவரும் சோதனையை நடத்தினர்; ஹொயில் கூறிய இடத்துக்கு மிக அண்மையில் அந்நிலை காணப்பட்டது.

ஈலியம் எரிவது வெப்பநிலையைப் பெரிதும் சார்ந்தது. பத்துக் கோடி பாகையை அண்மித்த நிலையில், வெப்பநிலை பத்திலொரு பங்கு கூடினால் எரியும் வேகம் நாற்பது மடங்குக்கு மேற் கூடும். சூரியனையொத்த விண்மீன்கள் முதுமையடையும்போது அவற்றின் மையத்துச் சடப்பொருள் மிக நெருக்குண்டு, அதன் அமுக்கம் வெப்பநிலையை ஏறத்தாழச் சாராத நிலையை எய்தும். அங்கு ஈலியம் பற்றிக்கொண்டால் மையம் உடனே விரிந்து குளிர்வதில்லை. வெப்பம் எரிதலையும் எரிதல் வெப்பத்தையும் மாறி மாறிப் பெருக்கும். இதுவே ஈலியச் சுடர்வு. இவ்வாறு நெருக்குண்ட சடப்பொருளின் இயல்பை வெண்குறுமீன்களில் ஆராய்ந்தவர் தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர். 1935இல் இலண்டனில் அவர் தம் முடிவை வெளியிட்டபோது, அதனை அறிஞர் அவையில் எள்ளி நகையாடியவர் முன்னர்க் கூறப்பட்ட எடிங்டனே ஆவார்.

1957இல் மார்கரட் பேர்பிட்ஜ், ஜெப்ரி பேர்பிட்ஜ், ஃபௌலர், ஹொயில் ஆகிய நால்வரும் விண்மீன்களில் மூலகங்கள் உருவாகும் முறையை விரிவாக வெளியிட்டனர். 1983இல் நோபல் பரிசு சந்திரசேகருக்கும் ஃபௌலருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஹொயில் அதிற் பங்கு பெறவில்லை.

பெய்ன் அஞ்சியவர், ஹொயில் துணிந்தவர் எனக் கூறி இவ்வரலாற்றை முடிப்பது நேர்மையாகாது. ஹொயில் கேம்பிரிட்ஜில் விரிவுரையாளராயிருந்து, புகழ் பெற்ற பின் வந்தவர். பெய்னோ அந்நிய நாட்டில், பெரியோரின் ஆதரவை நம்பியிருந்த இளம் பெண். முன்னவரின் கூற்றை ஐயுற்றவர்கள் அதனைச் சோதித்துப் பார்த்தார்கள். பின்னவரின் முடிவு, சோதிக்கப்படுமுன்னரே தள்ளப்பட்டது. ஐயம் அறிவுக்குப் பகையன்று. சோதிக்க மறுக்கும் ஐயமே பகை. ஆய்வை வளர்க்க முற்படும் எப்பல்கலைக்கழகமும், தன் மாணவர் கொணரும் எதிர்பாராத முடிவை இவ்விரு வழிகளுள் எவ்வழியில் எதிர்கொள்கின்றது என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.