முகத்துவாரம் வெட்டும் நாள்: செயற்றிட்ட எல்லை குறித்து மட்டக்களப்பு வாவியிலிருந்து ஒரு வாதம்

செயற்றிட்ட முகாமைத்துவத்தின் அரிச்சுவடி ஒரு முக்கோணம்: நேரம், செலவு, தரம். 1969இல் மார்ட்டின் பார்ன்ஸ் வரைந்து காட்டிய இம்முக்கோணத்தில் ஒரு பக்கத்தை இழுத்தால் மற்ற இரண்டும் அசைந்துவிடும். பாலம் போடுவோருக்கு இது போதும். 2013இல் திறக்கப்பட்ட புதிய கல்லடிப் பாலத்தைப் பெருமளவுக்கு இந்த மூன்றையும் கொண்டே மதிப்பிட்டுவிடலாம். அதே வாவியில் மாரிதோறும் எழும் ஒரு சிறு வேலைக்கு, அதாவது ஆற்றுவாய் வெட்டுதலுக்கு, இம்முக்கோணம் ஏறக்குறைய எதையுமே சொல்லித்தருவதில்லை. முக்கோணத்தை வரையுமுன் செயற்றிட்டத்தின் எல்லையை வரைய வேண்டும். அந்த எல்லையை வேலை முடியும் இடத்தில் அல்ல, அதன் விளைவு முடியும் இடத்தில் வரைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சுமார் 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவி இரண்டு இடங்களில்தான் கடலைத் தொடுகிறது: நடுப்பகுதியில் பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாறு. கோடையில் இந்த வாய்களை மணல் அடைத்துவிடும். வடகீழ்ப் பருவமழை இறங்கியதும் முந்தனை ஆற்று வெள்ளமும் உன்னிச்சை, உறுகாமம், நவகிரிக் குளங்களின் மிகைநீரும் வாவிக்குள் சேரும். வாய் அடைபட்டிருந்தால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் தாழ்ந்த வயல்வட்டைகளில் பெரும்போகப் பயிர் நாட்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடக்கும். கடலும் ஆறும் தாமே மணலை உடைப்பதும் உண்டு. இல்லாதபோது இயந்திரம் வந்து வெட்டும். வெட்டுவதற்கு அதிக நேரமோ பெரும் பணமோ தேவையில்லை. சிக்கல் முழுவதும் நாளைக் குறிப்பதில்தான். வயற்காரர் இன்றே வெட்டச் சொல்வார். மீனவர் கணக்கு வேறு: வாவி நிறைந்து நிற்கும் காலம் அவருக்குத் தொழில் காலம், நேரத்தோடு வெட்டினால் மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்பார். மழை இடையில் ஓய்ந்துவிட்டால் திறந்த வாயால் உவர்நீர் உள்ளே ஏறும். அப்போது அவசரப்படுத்திய வயற்காரரே முறையிட வேண்டி வரும். வெட்டும் வேலை குறித்த நேரத்தில், குறைந்த செலவில், நேர்த்தியாக முடிந்திருக்கும். பாடநூல்படி வெற்றி. வாவியைச் சுற்றி வாழ்பவர்களில் பாதிப்பேர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இப்பிரதேசத்துக்குத் திட்டமிடும் மரபு இல்லை என்று இதைப் படிப்பது தவறு. போகந்தோறும் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். அரசாங்க அதிபரோ பிரதேச செயலாளரோ தலைமை தாங்க, நீர்ப்பாசனத் திணைக்களமும் கமநல சேவை அதிகாரிகளும் ஒருபுறம், விவசாய அமைப்புகளும் வட்டை விதானைமாரும் மறுபுறம் அமர்ந்து முழுப் போகத்தையும் திகதிகளாக்கிவிடுகிறார்கள். வாய்க்கால் துப்புரவு எப்போது, முதல் நீர் எப்போது, விதைப்பு எந்த நாளுக்குள் முடிய வேண்டும், எத்தனை மாத நெல், கடைசி நீர் எந்நாள் வரை என எல்லாம் அங்கே தீர்மானமாகின்றன. ஒரு வேலை பிந்தினால் எது எது பிந்தும் என்ற கணக்கு அங்குள்ள ஒவ்வொருவர் தலையிலும் இருக்கிறது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படையும் டூபொன்ட் நிறுவனமும் வலைப்பின்னல் வரைபடங்களாக வகுத்துக்கொண்ட தர்க்கம் இதுவே. என் பார்வையில், தொண்டு நிறுவனங்களின் பல பயிற்சிப் பட்டறைகளைவிட இக்கூட்டம் நல்ல பாடசாலை.

அதன் குறையும் எல்லையில்தான் இருக்கிறது. மாடுகளை வயற்பகுதியிலிருந்து அப்புறப்படுத்தும் திகதியைக் கூட்டம் குறிக்கும். மாடுகள் எங்கே போகும் என்பது அதன் கையில் இல்லை. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகள் கைவிட்டுப் போகின்றன என்று 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டத்தில் அமர்ந்தது இதன் மறுபாதி. ஒரு திகதியை நிறைவேற்றத் தேவையான நிலம் திட்டத்துக்கு வெளியே கிடந்தால், அது திட்டமல்ல, உத்தரவு.

பெரிய அளவில் இதே பிழையைக் கல்லோயாவில் காணலாம். பட்டிப்பாளை ஆற்றை மறித்த அத்திட்டத்துக்காக 1949இல் அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. அமெரிக்க ஒப்பந்த நிறுவனம் இங்கினியாகலையில் அணையைக் கட்டியது. அணைக்கட்டு என்ற அளவில் குறை சொல்ல இடமில்லை. திட்டத்தின் கணக்கில் இருந்தவை ஏக்கரும் குடியேற்றவாசிகளும். அக்குடியேற்றம் பழைய தமிழ், முஸ்லிம் ஊர்களை என்ன செய்யும் என்பது கணக்கில் இல்லை. 1956 ஜூன் மாதத்தில் அங்கே நடந்த தமிழர் படுகொலைகள் அந்த வெற்றிடத்தில் நிகழ்ந்தவை. பி. எச். ஃபார்மர் தலைமையிலான மதிப்பீட்டுக் குழு 1970இல், இட்ட செலவுக்குப் பயன் ஈடாகவில்லை என்றது. இடதுகரை வாய்க்கால்களின் கடைமடையில், தமிழ் பேசுவோரின் வயல்கள் பலவும் இருந்த பகுதியில், நீர் அரிதாகவே எட்டியது.

திருத்தம் வந்த வழி கவனத்துக்குரியது. 1979இல் தொடங்கிய புனரமைப்பில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 1981 முதல் இளம் அமைப்பாளர்களை விவசாயிகளோடு தங்கச் செய்தன. தலைமடைக்காரர் தாமாக வாய்க்காலைத் துப்புரவாக்கி, மிச்சப்பட்ட நீரைக் கீழே விட்டார்கள். 1997 சிறுபோகத்தில் நெல்லுக்குப் போதிய நீர் இல்லை என்று சொல்லப்பட்டும், பங்கிட்டுப் பாய்ச்சி 65,000 ஏக்கரில் வழமையைவிட நல்ல விளைச்சல் எடுத்ததாக நோர்மன் அப்ஹோஃபும் சி. எம். விஜயரத்னவும் 2000இல் எழுதினர். அந்தப் போகத்தில் குளம் பெரிதாகிவிடவில்லை. கடைமடையும் திட்டத்துக்குள் வந்திருந்தது, அவ்வளவுதான்.

எல்லையை அகட்டினால் முடிவே எடுக்க முடியாது, வெள்ளம் கூட்டம் முடியும்வரை காத்திராது என்று நிருவாகிகள் மறுப்பர். மறுப்பில் பொருளுண்டு. ஆனால் வெள்ளத்தின் நடுவே கூடிப் பேசுவதால்தான் அந்த நெருக்கடி. வாவியின் நீர்மட்டம் எந்த அளவைத் தொட்டால் வெட்டுவது, அதற்கு முன் மீனவருக்கு எத்தனை நாள் அறிவித்தல், பிந்தினால் யாருடைய நட்டத்தை யார் ஏற்பது என்பவற்றை மழைக்கு முன்பே பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் எழுதிவைக்கலாம். வெள்ளம் வரும்போது அளவுகோலைப் பார்ப்பது மட்டுமே மிஞ்சும்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. தடை சட்டத்தில் இருக்கிறது. 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இக்கூட்டத்தை நிலவுரிமையாளர்களின் கூட்டமாகவே வகுத்தது. வாவியில் வலை வீசுபவரும் பட்டி வைத்திருப்பவரும் மண்டபத்துக்குள் வரலாம், பேசலாம். கை உயர்த்த முடியாது.