அபொதாஸ்ஸொமாய்

லூக்கா 14:33-இல் உடைமைகளையெல்லாம் விட வேண்டும் என்று சீடத்துவத்துக்கு இயேசு விதிக்கும் நிபந்தனையில் வரும் கிரேக்க வினை இது. 'அபொ' என்பது விலகலைக் குறிக்கும். 'தாஸ்ஸோ' என்றால் முறைப்படி நிறுத்துதல். அன்றாட வழக்கில் இந்த முழு வினைக்கு விடைபெறுதல் என்றே பொருள். மாற்கு 6:46-இல் இயேசு விடைபெற்று மலைக்குப் போவதும், அப்போஸ்தலர் 18:18-இல் பவுல் கொரிந்துச் சகோதரரை விட்டுக் கப்பலேறுவதும் இதே சொல்லால்தான் சொல்லப்படுகின்றன.

பழைய தமிழ் வேதாகமம் லூக்கா வசனத்தில் 'வெறுத்து' என்கிறது. எனக்கு 'விடைபெறுதல்' இன்னும் நெருக்கமாகப் படுகிறது. உடைமைமீது பகை வேண்டியதில்லை, பிரிந்தால் போதும். ஆனால் நாம் வழக்கமாகச் சொல்லும் 'போய் வருகிறேன்' இங்கே செல்லாது. திரும்பும் எண்ணமில்லாத விடை இது.

கிரேக்க மொழியில் வழிபடும் கிழக்குத் திருச்சபைகளில் திருமுழுக்குப் பெறுவோர் மேற்கு நோக்கி நின்று சாத்தானை விட்டொழிப்பதும் இவ்வினையால்தான். நான்காம் நூற்றாண்டு எகிப்தில் துறவியருக்கு 'அபொதாக்திகொய்' என்ற பெயரும் வழங்கியது.