மௌலாலி: ஒரு பாறைக்குன்றும் அதன் பெயர் வரலாறும்

சார்மினார் எழுந்தது 1591இல். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே, இன்றைய சார்மினாருக்கு வடகிழக்கே பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் நிற்கும் ஒரு மொட்டைப் பாறைக்குன்றுக்கு ‘மௌலா அலி’ என்ற பெயர் விழுந்துவிட்டதாக மரபு சொல்கிறது. அப்போது ஐதராபாத் என்றொரு நகரமே இல்லை. தலைநகரம் கோல்கொண்டா. நகரத்துக்கு மூத்த இந்தப் பெயர் நான்கு நூற்றாண்டுகள் தாண்டி நிலைத்ததற்கு அரசர்களின் ஆதரவைக் காட்டிலும் ஆண்டுதோறும் அங்கே ஏறிய மக்களே காரணம் என்பது என் வாதம்.

முதலில் குன்று. கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் 614 மீட்டர். கேட்கப் பெரிதாகத் தோன்றும். ஆனால் தக்காணப் பீடபூமியின் இந்தப் பகுதியே 500 மீட்டருக்கு மேல்தான் இருக்கிறது. ஏறுபவரின் கால்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். திருச்சி மலைக்கோட்டையை ஏறியவர்களுக்கு அளவு பிடிபடும். ஐதராபாத்தைச் சுற்றியுள்ள கருங்கல் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானது. பூமிக்கடியில் ஆழத்தில் குழம்பாக இருந்து மெல்ல ஆறி இறுகியது. மேலிருந்த அடுக்குகள் காலப்போக்கில் அரித்துப்போக, அழுத்தம் விலகிய பாறை மேற்பரப்புக்கு இணையாக வெடித்துத் தகடு தகடாகப் பெயர்ந்தது. செங்குத்து வெடிப்புகள் நெருக்கமாக விழுந்த இடங்களில் நீர் புகுந்து, மூலைகள் தேய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டைப் பாறைகள் நின்றுவிட்டன. ஐதராபாத்துக்குப் போனவர்கள் வியக்கும் பாறை அடுக்குகள் இவைதாம். வெடிப்புக் குறைந்த இடங்களில் ஒரே கல்லாகக் கவிழ்ந்த குவிமாடம் உருவானது. மௌலாலி இரண்டாம் வகை. மண் தங்காது, நிழல் கிடையாது, தொலைவிலிருந்தே கண்ணில் படும். புனிதம் வந்து சேருவதற்கு இப்படிப்பட்ட இடங்கள் தோதானவை என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

குன்றை முதலில் கண்டவர்கள் கோல்கொண்டாவை ஆண்ட குதுப் ஷாஹிகள் அல்லர். அதன் அருகே பெருங்கற்காலப் புதைகுழிகள் பின்னாளைய நிஜாம் ஆட்சியில் அகழப்பட்டன. அந்த மக்கள் குன்றை எப்படி அழைத்தார்களோ, அந்தப் பெயர் அவர்களோடு போய்விட்டது.

இப்போதைய பெயரின் கதை இது. இப்ராஹிம் குதுப் ஷாவின் ஆட்சியில் (1550–1580) அரண்மனையில் யாகூத் என்ற கோஜா (ஆண்மை நீக்கப்பட்ட ஊழியர்) இருந்தார். ஹிஜ்ரி 986, ரஜப் 17ஆம் இரவு, அதாவது 1578இல், அவர் ஒரு கனவு கண்டார். பச்சை உடையணிந்த ஒருவர் வந்து, மௌலா அலி அழைப்பதாகச் சொல்லி ஒரு குன்றின் உச்சிக்கு அழைத்துச் சென்றார். அங்கே நபிகளின் மருமகனான அலி வலக்கையைப் பாறைமேல் ஊன்றி அமர்ந்திருந்தார். விடிந்ததும் யாகூத் தேடிப்போய்ப் பாறையில் கைச்சுவட்டைக் கண்டார். அந்தக் கல்லைப் பெயர்த்தெடுத்து, அங்கே கட்டிய பெரிய வளைவில் பதித்தார்.

கனவை ஆய்வாளர் சோதிக்க முடியாது. ஆனால் கனவுக்குச் சொல்லப்படும் ஆண்டைச் சோதிக்கலாம். மூசி ஆற்றின்மேல் புராணா புல் என்னும் பழைய பாலம் கட்டப்பட்டதும் இதே 1578இல்தான். கோல்கொண்டாக் கோட்டைக்குள் நெருக்கடி மிகுந்து, தலைநகரம் வெளியே கால் நீட்டத் தொடங்கிய காலம் அது. குதுப் ஷாஹிகள் அலியைத் தனித்துப் போற்றும் ஷியாக்கள். கோட்டைக்கு வெளியே அலியின் பெயரில் ஓர் இடம் அமைவது அவர்களுக்கு உவப்பாகவே இருந்திருக்கும். பின்னர் எழுந்த புதிய நகரத்தின் பெயரும் அலியின் பட்டமான ‘ஹைதர்’ என்பதிலிருந்து வந்ததாகவே பலர் கருதுகிறார்கள். நகரம் பாகமதி என்ற பெண்ணின் பெயரால் அமைந்தது என்ற கதையை நம்புவோர் இதை ஒப்பமாட்டார்கள், அது வேறு வழக்கு. முதல் விளக்கம் சரியென்றால், நகரம் சூடிய பெயருக்குக் குன்றே முன்னோடி.

அரசர் வைத்த பெயரெல்லாம் நிலைப்பதில்லை. வம்சத்தை நிறுவிய சுல்தான் குலி கோல்கொண்டாவுக்கு ‘முகம்மதுநகர்’ என்று பெயரிட்டார். இன்று அதை யார் சொல்கிறார்கள்? தெலுங்கு இடையர்களின் ‘கொல்ல கொண்ட’தான் உலகெங்கும் போயிற்று. மௌலா அலிக்கு அந்தக் கதி நேராததற்குக் காரணம் ரஜப் மாதம். 13ஆம் நாள் அலியின் பிறந்தநாள், 17ஆம் நாள் கைச்சுவடு கிடைத்த நாள். இவற்றை ஒட்டிய திருவிழாவுக்குக் கூட்டம் வந்தது, படிகள் ஏறியது, ஊர் திரும்பிப் பெயரைச் சொன்னது. உச்சிக்குச் செல்ல ஏறத்தாழ 480 படிகள்.

பின்னர் ஐதராபாத்தை ஆண்ட, சுன்னிகளான ஆசஃப் ஜாஹி நிஜாம்களும் இந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. இரண்டாம் நிஜாம் அலி கானின் (1762–1803) காலத்தில் விழா நாட்களில் நகரமே அடிவாரத்துக்குக் குடிபெயர்ந்ததுபோல இருந்தது. பிரபுக்கள் அங்கே மாளிகைகள் எழுப்பினார்கள். இந்தக் காலத்தின் நாயகி மஹ் லகா பாய் சந்தா (1768–1824). கவிஞர், நாட்டியக்காரி, ஜாகிர்களின் உடைமையாளர். இன்றைய உஸ்மானியா பல்கலைக்கழகம் நிற்கும் அடிக்மெட் நிலமும் அவருடையதாக இருந்தது. கருவுற்றிருந்த தாய் ராஜ் கன்வர் பாய்க்குக் கரு கலையும் ஆபத்து வந்தபோது, குன்றின் உச்சியிலுள்ள தர்காவிலிருந்து கொண்டுவந்த கயிறுதான் காத்தது என்று கதை உண்டு. தாய்க்கு அடிவாரத்தில் கல்லறைத் தோட்டம் அமைத்து, கடைசியில் தானும் அங்கேயே அடங்கினார் சந்தா. பிற்காலத்தில் அமெரிக்க அரசு நிதியில் அது சீரமைக்கப்பட்டது. குன்றைப் பற்றி எழுதுவோர் யாகூத்தின் கனவோடு நின்றுவிடுகிறார்கள். குன்றை நகரத்தின் பண்பாட்டோடு கட்டிப்போட்டதில் சந்தாவின் பங்கு அதைவிடப் பெரிது என்பேன்.

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் 764 மீட்டர் உயரமுள்ள ‘க்ரோ பேட்ரிக்’ மலை, ஏறுபவர்களால் பெயர் நிலைத்த இந்தக் குன்றுக்கு நல்ல இணை. அம்மலைக்கு முன்பு ‘க்ருவஹான் ஐக்ல’ என்ற பழம்பெயர் இருந்தது. புனித பேட்ரிக் உச்சியில் நாற்பது நாள் நோன்பிருந்தார் என்ற நம்பிக்கை வேரூன்றியதும், பெயர் அவருடையதாயிற்று. ஒவ்வொரு ஜூலை கடைசி ஞாயிறும் பெருங்கூட்டம் ஏறுகிறது, சிலர் வெறுங்காலோடு. அயர்லாந்துக்காரருக்குப் பருவம் மாறுவதில்லை. மௌலாலியில் ஹிஜ்ரி நாட்காட்டி ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னே நகர்வதால், விழா ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. ஒரு தலைமுறை குளிர்காலத்தில் ஏறியதை அடுத்தது சுடுகல்லில் ஏறும்.

மௌலா அலி என்ற பெயர் குன்றிலிருந்து இறங்கத் தொடங்கியது நிஜாமின் ரயில்வேயோடு. 1880களில் செகந்திராபாத்திலிருந்து வாரங்கல் பக்கம் போன பாதையில் நிலையம் ஒன்று அந்தப் பெயரைப் பெற்றது. பிறகு டீசல் எஞ்சின் பணிமனை, வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு. இரண்டு சொற்கள் பேச்சில் ஒட்டி ‘மௌலாலி’ ஆயின. எதிரே நிற்கும் கதம்-ஏ-ரசூல் குன்றுக்கு இந்த வளர்ச்சி வாய்க்கவில்லை. ஆசஃப் ஜாஹி ஊழியர் ஒருவர் நபிகளின் நினைவுச்சின்னத்தை வைத்த அக்குன்றை அக்கம்பக்கத்தாருக்கு வெளியே சிலரே அறிவர்.

1990களில் கல்லுடைப்பும் கட்டட வெறியும் நகரின் பாறைகளைத் தின்னத் தொடங்கியபோது, 1996இல் பாறைகளைக் காக்கவென்றே ஒரு சங்கம் தோன்றி, பாறைகளினூடே நடைப்பயணங்களையும் நடத்தியது. மௌலாலி குன்று நகரின் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தர்கா இருப்பதால் உளி அதைப் பெரும்பாலும் தொடவில்லை. பெயரில்லாத பல குன்றுகளோ ஜல்லியாகிவிட்டன. இன்று செகந்திராபாத்தில் ஆட்டோ ஏறி ‘மௌலாலி’ என்றால் ரயில் நிலையத்தில் இறக்கிவிடக்கூடும். குன்றுக்குப் போக ‘தர்கா’ என்றோ ‘பஹாட்’ (குன்று) என்றோ சேர்த்துச் சொல்ல வேண்டும்.